‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவதற்கு முன்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே ஓர் அரசு மருத்துவமனையில், பொது மருத்துவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். கோவிட் காலத்தில் மாணவியாக இருந்தேன். அடுத்த கொள்ளைநோய்க்கு வார்டு எப்படித் தயாராக வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதும் வேலையை மேட்ரன் எனக்குக் கொடுத்திருக்கிறார். இன ஏற்றத்தாழ்வைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். “இங்கே எல்லோரையும் ஒரே மாதிரிதான் கவனிக்கிறோம், அதெல்லாம் எதற்கு?” என்றார். ஆனால் போன மாதம் ஒரு ஜூலு நோயாளியின் மகள், “நீ உன் இந்தியர்களைத்தான் முதலில் பார்க்கிறாய்” என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. சாதாரண நர்ஸ் ஒருத்தி இதில் என்ன செய்துவிட முடியும்? சனிக்கிழமை வகுப்பில் கற்ற தமிழ் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். — பீனிக்ஸ் வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு ஒற்றுப்பிழைகள்தாம். நானும் கோயில் திண்ணை வகுப்பில் எழுத்துக் கற்றவள். என் பிழைகளைத் திருத்தித் தர ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மேட்ரனுக்கான பத்தியைப் பிறகு பார்ப்போம். அந்த மகள் சொன்னது உங்களைக் குடைந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதே சொல் என்மேலும் விழுந்திருக்க வேண்டியது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதால் தப்பினேன்.

2021 ஜனவரி, இரண்டாம் அலை. புதிய திரிபைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர்கள் எங்கள் டர்பன் விஞ்ஞானிகள் என்பதில் ஊருக்குப் பெருமை. அந்தத் திரிபு நிரப்பிவிட்ட வார்டில் நின்றுகொண்டிருந்தவர்களுக்குப் பெருமைப்பட நேரமில்லை. எழுபதைத் தாண்டிய ஒரு ஜூலுப் பாட்டி, எல்லோரும் ‘கோகோ’ (ஜூலுவில் பாட்டி) என்று கூப்பிட்டோம், ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். மூன்று முறை மாட்டிவிட்டேன். மூன்று முறையும் பிடுங்கினார். ஏதோ சொன்னார்; கவசமும் முகமூடியும் போட்டிருந்த எனக்குப் பாதி கேட்கவில்லை, கேட்ட பாதி புரியவில்லை. சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்தேன், ஆக்சிஜன் ஓடுவதைக் காட்டும் குண்டு மேலேதான் நின்றது. கோப்பை எடுத்து “நோயாளி சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை” என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

தரை துடைக்க வந்த அம்மாள்தான் என் முழங்கையைத் தொட்டுச் சொன்னார்: “சிஸ்டர், காற்று வரவில்லை என்கிறாள்.” குழாய் மீட்டரிலிருந்து கழன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. காற்று வராத முகமூடியை நான் ஒரு மூச்சுத்திணறல்காரியின் மூக்கில் மூன்று முறை வைத்து அழுத்தியிருக்கிறேன்.

அதே வாரம், அதே வார்டில், டோங்காட் ஊரைச் சேர்ந்த நம் தமிழ்ப் பாட்டி ஒருவரும், ஓர் ஆயா, முகமூடியைக் கழற்றினார். அவரிடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டிலோரம் உட்கார்ந்து, “என்ன ஆயா, என்ன செய்கிறது?” என்று கேட்டேன். வாய் காய்கிறது என்றார். தண்ணீர் கொடுத்தேன், உதட்டில் வாசலின் தடவினேன், மாட்டிக்கொண்டார். அவருடைய கோப்பில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற சொல் இல்லை.

கோகோ பிழைத்தார். மருத்துவக் கோப்பில் எழுதியதை அடிக்கக் கூடாது, உங்களுக்குத் தெரியும். ஆகவே கீழே இன்னொரு வரி எழுதினேன்: குழாய் கழன்றிருந்தது, நான் கவனிக்கவில்லை.

அந்த மகள் சொன்னது உண்மையா என்றால், அவள் சொன்ன பொருளில் இல்லாமல் இருக்கலாம். நீங்கள் வரிசையைத் தாண்டி யாரையும் முதலில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் நம் ஆயாக்களிடம் போனால் நமக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேச்சு வருகிறது. எந்தக் கோயில், யார் வீட்டுப் பெண், காவடி எடுத்தாயா என்று. அந்த இரண்டு நிமிடத்தில்தான் “நேற்றிலிருந்து இடது பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது” என்ற சொல்லும் விழும். நாம் பாசம் காட்டுவதாக நினைக்கிறோம். நடப்பது நோய் விசாரணை. நம் ஆயாவிடம் அதைக் குறைக்கச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கும் அந்த இரண்டு நிமிடம் போக வேண்டும், அதற்கு மொழி வேண்டும்.

இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் இருந்துகொண்டு இன்னொன்றையும் மறக்க முடியாது. 2021 ஜூலைக் கலவரத்தில் அந்தப் பகுதியில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த மகள் இந்திய முகம் ஒன்றைப் பார்க்கும்போது ஒரு செவிலியரை மட்டும் பார்ப்பதில்லை. அது உங்கள் குற்றமில்லை, ஆனால் வார்டுக்குள் நீங்கள் நுழையும்போது உங்களோடு சேர்ந்து நுழைகிறது. அவள் மறுபடி வந்தால் வாதாடாதீர்கள். “எப்போது அப்படித் தோன்றியது, சொல்லுங்கள்” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தைச் சொல்வாள். அந்த மணி நேரத்தைக் கோப்பில் தேடிப் பார்க்கலாம்.

நம்மவர்கள் இந்த நாட்டில் நடுப்படியில் நின்றவர்கள். மேலே இருப்பவன் மிதித்தது நினைவிருக்கும், நம் கால் எங்கே இருந்தது என்பது மறந்துபோகும். 1904-இல் ஜோகனஸ்பர்க்கில் பிளேக் வந்தபோது இந்தியக் குடியிருப்பில் 23 பேர் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். காந்தி அவர்களுக்குப் பணிவிடை செய்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நகரசபை ஒரு பழைய கிடங்கைத் திறந்துவிட்டு ஒரு செவிலியரையும் அனுப்பியது. அந்தச் செவிலியர் நோய் தொற்றி இறந்தார். பிறகு குடியிருப்பையே எரித்து, மக்களை நகரத்துக்கு வெளியே கிளிப்ஸ்புருட்டுக்கு அனுப்பினார்கள். நமக்கு இழைத்த அநீதி இது. ஆனால் நோய் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, கறுப்பினத்தவரை இந்தியர்களோடு கலந்து குடிவைக்காதீர்கள் என்று நகர சுகாதார அதிகாரிக்குக் கடுமையாக எழுதியவரும் அதே காந்திதான். இரண்டும் ஒரே மனிதர், ஒரே ஆண்டு. என்னைப் பொறுத்தவரை இது அவரைக் கீழே இறக்குவதற்கான செய்தி அல்ல. கோகோவின் கோப்பில் நான் எழுதிய வரியைப் புரிந்துகொள்ள உதவும் செய்தி.

சரி, கைக்கு வருவோம். நீங்கள் கேட்டது என்ன செய்ய முடியும் என்று.

முதலில் நம் கருவிகள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் தோல் வழியாக அனுப்பி, இரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதிலிருந்து அதிலுள்ள ஆக்சிஜன் விழுக்காட்டைக் கணக்கிடுகிறது. தோலின் கருநிறமியும் ஒளியை உறிஞ்சும். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, தமனி இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் நூற்றில் நான்கு முறைக்கும் குறைவு. கறுப்பினத்தவரிடம் நூற்றில் ஏறத்தாழ பன்னிரண்டு முறை. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விடுத்தது. நெற்றியில் வைக்கும் வெப்பமானிகூடக் கறுப்பின நோயாளிகளின் காய்ச்சலைத் தவறவிடுகிறது என்று 2022-இல் அங்கிருந்தே மற்றோர் ஆய்வு வந்தது. பெரும்பான்மையோர் கருந்தோலுடைய நாட்டில், ஓர் எண்ணைப் பார்த்து “வீட்டுக்குப் போகலாம்” என்று எத்தனை பேரை அனுப்பினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் புதுக் கருவி வாங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கருவி நன்றாக இருக்கிறது என்று சொல்லி, நோயாளி நன்றாக இல்லை என்று உங்கள் கண் சொன்னால், கண்ணை நம்பி மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாற்பது காலடி நடக்கவைத்து மறுபடி பாருங்கள். ஒரு தனி எண்ணைவிட, நேற்றைய எண்ணிலிருந்து இன்றைய எண் எவ்வளவு இறங்கியது என்பது அதிகம் சொல்லும். நீலம் பாய்கிறதா என்று கருந்தோலின் விரல் நுனியில் தேடாதீர்கள். நாக்கு, உதட்டின் உள்பக்கம், கீழிமையின் உள்புறம். குப்புறப் படுக்கவைத்த நோயாளிகளுக்குக் கன்னத்திலும் நெஞ்செலும்பிலும் படுக்கைப்புண் தொடங்கும்போது, பாடப்புத்தகம் சொல்லும் சிவப்பு அங்கே தெரியாது. விரலால் தொடுங்கள், சூடும் கெட்டித்தன்மையும் முதலில் தெரியும்.

முக்கியமானது, மூச்சை எண்ணுங்கள். முழு நிமிடம். எண்ணாமலே 18 என்று எழுதும் கைப்பழக்கம் இந்தத் தொழிலில் பாதிப் பேருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. மூச்சு எண்ணிக்கைக்குத் தோல் நிறம் தெரியாது. தேவை ஒரு கைக்கடிகாரமும் ஒரு நிமிடமும்தான்.

அடுத்தது மொழி. துப்புரவு அம்மாளையும் வாயில் காவலரையும் மொழிபெயர்க்கக் கூப்பிடுவது நம் மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. ஒரு பெண் தன் எச்.ஐ.வி. நிலையைக் காவலர் வழியாகச் சொல்ல வேண்டியிருப்பது என்ன கொடுமை! டர்பனில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்குச் சந்தையிலும் சமையலறையிலும் பேசும் ஜூலு உண்டு. வேலைக்காரரை ஏவுகிற ஜூலு. நோயாளியிடம் கேட்கிற ஜூலு வேறு. “குபுஹ்லுங்கு குபி?” வலி எங்கே என்று கேட்கத் தெரிந்தால் போதாது, பதிலைப் புரிந்துகொள்ளவும் தெரிய வேண்டும். “இசிஃபுபா” என்றால் மார்பு. ஆனால் அந்த ஒரு சொல்லில் இளைப்பையும் காசநோயையும் மறைமுகமாகச் சொல்லிவிடுவார்கள். இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது, உங்களோடு வேலை செய்யும் ஜூலு சிஸ்டர்களிடம் கற்க வேண்டும். தேநீர் இடைவேளையில் இந்தியர்கள் ஒரு மேசை, அவர்கள் ஒரு மேசை என்று உட்காருகிறோமே, அங்கே தொடங்கலாம்.

இப்போது உங்கள் குறிப்பில் அவசியம் இடம்பெற வேண்டிய ஒன்று. வென்டிலேட்டரும் தீவிர சிகிச்சைப் படுக்கையும் போதாமல் போகும்போது யாருக்கு என்ற கேள்வி டர்பனுக்குப் புதிதல்ல. 1997-இல் சிறுநீரகம் செயலிழந்த தியாகராஜ் சூப்ரமணி, டயாலிசிஸ் கேட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். வசதிகள் அளவானவை என்று நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை; தீர்ப்பு வந்த சில நாட்களில் இறந்தார். நம் வீடுகளில் அந்தப் பெயரைப் பல காலம் பேசினார்கள்.

2020-இல் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் தென்னாப்பிரிக்கச் சங்கம் தந்த வழிகாட்டுதலில் ‘நலிவு அளவுகோல்’ ஒன்று இருந்தது. நோய்வாய்ப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு அந்த மனிதர் தானாக என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்பதை வைத்து மதிப்பெண். நலிவு கூடக்கூட, படுக்கை கிடைக்கும் வாய்ப்பு குறையும். கேட்பதற்கு இனமே இல்லாத கணக்கு. ஆனால் அந்த விவரத்தை மருத்துவருக்கு யார் சொல்கிறார்கள்? பெரும்பாலும் நாம். பார்வையாளர் வரத் தடை. நோயாளிக்கு மூச்சு விடவே முடியவில்லை. மகள் ஆங்கிலம் பேசும் கணக்காளர் என்றால், அவள் பத்து முறை போன் செய்து “அம்மா தினமும் நடைப்பயிற்சி போவார், தானே சமைப்பார்” என்று சொல்லிவிடுவாள். இனாந்தா என்ற கறுப்பினக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு கோகோவுக்குப் போன் செய்ய ஆளில்லை, இருக்கும் ஆளின் போனில் காசில்லை. அவர் இரண்டு வாரம் முன்பு வரை தெருக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்கி, நான்கு பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவராக இருக்கலாம். கட்டிலில் பார்த்தால் வாடிய கீரை மாதிரிதான் கிடப்பார். நலிந்தவர் என்று எழுதிவிடுவோம்.

ஆகவே குறிப்பில் இப்படி எழுதுங்கள்: சேர்க்கும் நாளிலேயே, வார்டு போனிலிருந்து, குடும்பத்தாரில் ஒருவரை அவர்கள் மொழியில் அழைத்து, இரண்டு வாரம் முன்பு நோயாளி என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டுப் பதிய வேண்டும். கேட்டவர் பெயரோடு. கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு செவிலியர் ஏற்றத்தாழ்வைக் குறைக்கச் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைச் சொல் என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

மேட்ரன் விஷயம். “எல்லோரையும் ஒரே மாதிரி” என்று அவர் சொல்வதை நான் கேலி செய்ய மாட்டேன். செவிலியர் பதிவேட்டையே இனவாரியாகப் பிரித்த 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் பயின்றவர்களின் கையால் பயிற்சி பெற்ற தலைமுறை அது. இனத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே அவர்களுக்கு விடுதலையாக இருந்தது. அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எழுதாத வேறுபாட்டை யாரும் திருத்த முடியாது. நாடு முழுக்க மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய கோவிட் தரவில், கறுப்பினத்தவர், கலப்பினத்தவர், இந்தியர் மூவருமே வெள்ளையரைவிட அதிக அளவில் மருத்துவமனையில் இறந்தது தெரிந்தது. அதையும் முழுமையாகச் சொல்ல முடியவில்லை, காரணம், பல படிவங்களில் இனம் என்ற கட்டம் காலி. அந்தக் கட்டத்தைக் கூச்சப்பட்டு விட்டுவிட்டவர்கள் நம்மைப் போன்றவர்கள்தாம். நிரப்புங்கள். முகத்தைப் பார்த்து ஊகிக்காமல் நோயாளியைக் கேட்டு நிரப்புங்கள்.

மேட்ரனிடம் வாதம் செய்ய வேண்டாம், கணக்கைக் கொண்டுபோங்கள். கடந்த மாதம் சேர்ந்தவர்களில் இருபது கோப்புகள். வந்த நேரத்துக்கும் முதல் ஆக்சிஜனுக்கும் இடையே எத்தனை நிமிடம். வலி மருந்து கேட்டதற்கும் கொடுத்ததற்கும் எத்தனை நிமிடம். ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற சொல் யார் யார் கோப்பில் இருக்கிறது. அனுமதி வாங்கிச் செய்யுங்கள். பெயரோ அடையாள எண்ணோ உங்கள் நோட்டில் ஏறக் கூடாது, கோப்பைப் போனில் படம் பிடிக்கவும் கூடாது. அந்தரங்கத் தகவல் சட்டம் விளையாட்டு அல்ல. இருபது கோப்பில் எதையும் நிரூபிக்க முடியாது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மேட்ரன் அந்தத் தாளைக் கீழே வைக்க மாட்டார்.

நம்மவர்கள் மட்டும் தப்பினார்கள் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை நோயும் இதய நோயும் நம் வீடுகளில் வாடகை தராத குடித்தனக்காரர்கள். கோவிட் அவற்றைத் தேடி வந்து அடித்தது. சர்க்கரை ஏறிய இந்தியர் வந்தால் “பிரியாணி, இனிப்பு, சொன்னால் கேட்க மாட்டார்கள்” என்று வார்டில் ஒரு சிரிப்பு எழும். அது ‘ஒத்துழைக்கவில்லை’யின் தங்கை. யார் சிரித்தாலும் நிறுத்துங்கள், நீங்களே சிரித்தாலும்.

வார்டுக்கு வெளியே நம் கை நீளம் குறைவு. மருத்துவக் காப்புத் திட்டம் வெள்ளையரில் பத்தில் ஏழு பேருக்கு இருக்கிறது, கறுப்பினத்தவரில் பத்தில் ஒருவருக்கு. அதை ஒரு நர்ஸ் மாற்ற முடியாது; மாற்ற முடியாததற்காகத் தூக்கத்தை இழக்காதீர்கள். வீட்டுக்கு அனுப்பும்போது “தனி அறையில் இருங்கள்” என்று அச்சடித்த தாளைக் கொடுப்பதற்கு முன், எத்தனை அறை, எத்தனை பேர், தண்ணீர் எங்கே என்று கேட்பது உங்கள் கையில் இருக்கிறது. ஒரே அறையில் ஆறு பேர் என்றால் அந்தத் தாள் ஒரு கேலி. ஜன்னல் பக்கம் படுக்கை, தலையும் காலும் மாற்றிப் படுப்பது, நோயாளியைக் கவனிக்க ஒரே ஒருவர் என்று வீட்டுக்கேற்பப் பேசுங்கள். காசநோய், எச்.ஐ.வி., சர்க்கரை, இரத்த அழுத்தம், எதற்கு மாத்திரை சாப்பிட்டாலும் பல மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்க மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மினிபஸ் டாக்ஸியில் நெருக்கியடித்து மாதாமாதம் வரச் சொல்வது நோயை நாமே பரப்புவது.

தடுப்பூசி பற்றியும் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன், கேட்காவிட்டாலும் சிறிது. 2021 மே மாதம் 60 வயதைத் தாண்டியவர்களுக்குத் தொடங்கியபோது, பதிவு செய்யப் போனோ இணையமோ வேண்டியிருந்தது. யாருக்கு முதலில் கிடைத்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? முதியோர் உதவித்தொகை வாங்கும் வரிசையில் நின்றாலே அந்த வயதினரைப் பார்த்துவிடலாம், சமூகப் பராமரிப்பாளர்களுக்கு எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது அத்துப்படி. அடுத்த முறை அவர்களோடு போங்கள். ஊசி வேண்டாம் என்பவரை மூடர் என்று நினைக்காதீர்கள். நிறவெறி அரசின் இரகசியத் திட்டமொன்றில் கறுப்பினத்தவரின் கருவளத்தைக் குறைக்கும் மருந்து தேட முயன்றதை, 1998-இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் வந்த சாட்சியங்கள் வெளிக்கொண்டுவந்தன. “வெள்ளைக்காரன் ஊசி” என்று ஒரு பாட்டி முகத்தைத் திருப்பினால், அவருக்கு நினைவாற்றல் நன்றாக இருக்கிறது என்று பொருள். நீங்கள் போட்டுக்கொண்ட கதையைச் சொல்லுங்கள், கை வலித்ததையும் சேர்த்து.

மூன்று மாதம் கழித்து அந்த இருபது கோப்புகளின் கணக்கு என்ன சொன்னது என்று எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம். தமிழில் எழுதுங்கள், ஒற்றுப்பிழையோடு.

அன்புடன்,
அக்கா